என் பூட்ஸுக்குள் சரசுவின் கால்

அன்று கூலாய் ஊரில், என் நாத்தனார் சரசு வீட்டு விருந்தில் நான்கு பேர்தான் இருந்தோம்: நான், என் கணவர், சரசு, அவள் கணவர். நாற்பத்தெட்டு வயதில் ஆசைப்பட்டு, தொழிற்சாலைத் தோழியிடம் தவணைக்கு வாங்கிய கனத்த தோல் பூட்ஸைப் போட்டுப் போயிருந்தேன். யார் என்ன சொல்வார்களோ என்று வழியெல்லாம் பயம். வாசலில் குனிந்து கயிற்றை அவிழ்ப்பதற்குள் சரசு சிரித்துவிட்டாள்.

“அலமாக், அண்ணி. பாசிர் கூடாங் கப்பல் பட்டறைல வெல்டிங் வேலைக்குச் சேர்ந்துட்டீங்களா? இந்த வயசுல இதெல்லாம் நமக்கு ஒத்து வருமா லா?”

சாப்பிட்டுக்கொண்டே, நாளைக்கே தோழியிடம் திருப்பிக் கொடுத்துவிடுவது என்று முடிவு செய்தேன்.

கை கழுவ எழுந்தபோது வாசல் கண்ணில் பட்டது. எனக்கு முன்பே எழுந்துபோன சரசு, என் பூட்ஸைப் போட்டுக்கொண்டு, இடுப்பில் கை வைத்து, கைப்பேசியில் தன்னையே படம் எடுத்துக்கொண்டிருந்தாள். கழுவாத கையால் கட்டிய கயிறெல்லாம் ஆட்டுக்கறி மசாலா.

கிளம்பும்போது காலை உள்ளே விட்டேன். அவள் வியர்வை வெதுவெதுவென்று ஒட்டியது.

“பாத்துப் போங்க அண்ணி, விழுந்துடாதீங்க” என்றாள். வியர்வையைவிட அந்தப் பேச்சுதான் அதிகம் ஒட்டிக்கொண்டது.

வீட்டுக்கு வந்து உள்ளும் புறமும் துடைத்து வெயிலில் வைத்தேன். இந்த வயதுக்கு ஒத்து வருமா என்று இனி யாரிடமும் கேட்பதாக இல்லை. திருப்பியும் கொடுக்கவில்லை. தோழிக்கு இன்னும் தொண்ணூறு வெள்ளிப் பணம் பாக்கி.