பூசையில் என் மகளின் பெயர் வாசிக்கப்பட்டது

2006 தவக்காலம். வெள்ளிக்கிழமை மாலை நான்கு பத்துக்கு எங்கள் வீட்டுத் தொலைபேசி அடித்தது. பாரிஸ் வேலைக்கென்று ஏஜெண்ட் ஒருவனோடு சென்னைக்குப் போயிருந்த மகள் ஸ்டெல்லா பேசினாள்.

"அப்பா, டிக்கெட்டு பாரிஸுக்கு இல்லப்பா. மஸ்கட்டுன்னு போட்டிருக்கு. கேட்டா, மொதல்ல அங்க வீட்டு வேலை செய்யி, அப்புறம் மாத்தி விடுறேங்கறான். பாஸ்போர்ட்டு அவன்கிட்ட இருக்கு. காலையில ஃபிளைட்டு..."

இணைப்பு அறுந்தது. சென்னையில் எந்த விடுதியில் தங்க வைத்திருக்கிறான் என்று கேட்பதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. ஏஜெண்டை அழைத்தேன். திரும்பத் திரும்ப அழைத்தேன். அவன் போன் அணைக்கப்பட்டிருந்தது.

அன்பானவர்களே, அந்த ஆளை நான் சந்தித்தது நம் கோயில் வாசலில்தான். பூசை முடிந்து வந்த என்னிடம் "போன்ழூர் முசே" என்று பிரெஞ்சில் வணக்கம் சொன்னான். தன் அப்பா பிரெஞ்சுப் பட்டாளத்தில் சொல்தாவாக, அதாவது சிப்பாயாக, இருந்தவர் என்றான். புதுச்சேரிக்காரனுக்கு வேறென்ன வேண்டும்? நம்பிவிட்டேன். தட்டாஞ்சாவடியில் நான் வேலை பார்த்த பட்டறை மூடியிருந்த நேரம் அது. பாரிஸில் நம் ஊர்க் குடும்பம் ஒன்றில் குழந்தையைப் பார்த்துக்கொள்ளும் வேலை என்றான். ஸ்டெல்லா தானாகவே போகிறேன் என்றாள்.

"ஒரே ஒரு எடம்தான் முசே. வெளிய மூச்சு விடாதீங்க, கண்ணு பட்டுடும்" என்றான். அதனால் மகளின் பயணத்துக்காகப் பூசையில் வேண்டிக்கொள்ளும்படி கருத்துக்கூட நாங்கள் எழுதிக் கொடுக்கவில்லை. பீடத்தில் பெயர் வாசித்தால் ஊருக்கே தெரிந்துவிடுமே!

அன்று மாலை கோயிலுக்கு ஓடினோம். முழங்காலில் நின்றேன். "எங்கள் தந்தையே" என்பதற்கு மேல் எனக்குச் சொல் வரவில்லை. மனைவி ரெஜினா என் தோளை உலுக்கினாள்.

"எழுந்திருங்க. கருத்து குடுங்க. இன்னிக்கே வாசிக்கட்டும்."

"எல்லாருக்கும் தெரிஞ்சிடும் ரெஜினா."

"தெரியட்டுமே! ஆண்டவருக்குத் தெரிஞ்சது அடுத்த வீட்டுக்குத் தெரிஞ்சா என்ன கொறஞ்சிடப் போவுது?"

சிலுவைப்பாதை முடிந்து பூசை தொடங்கியது. பங்குச் சாமியார் வாசித்தார்: "பாரிஸ் வேலை என்று சொல்லி மஸ்கட்டுக்குக் கொண்டுபோகப்படும் ஸ்டெல்லாவுக்காக." வெட்கத்தில் தலை குனிந்தேன்.

பெண்கள் பக்கத்திலிருந்து ஒருத்தி எழுந்து நேரே என்னிடம் வந்தாள். ஆரோக்கியமேரி. பார்த்த முகம்தான், பழக்கமில்லை.

"அண்ணே, என்னா மஸ்கட்டு? பாரிஸுன்னுதானே சொன்னான்? எம் பொண்ணு ஜோதியும் அவன்கூடத்தான் போயிருக்கா!"

"உங்ககிட்டயும் ஒரே எடம்னா சொன்னான்?"

"ஆமாண்ணே. கண்ணு பட்டுடும்னான், படுபாவி."

ஞாயிறுதோறும் ஒரே கோயிலில் மண்டியிட்டிருக்கிறோம். அவன் பேச்சைக் கேட்டு இரண்டு வீடும் வாயை மூடிக்கொண்டிருந்திருக்கிறது. அவளுக்கு மஸ்கட் விஷயம் தெரியாது. எனக்கு விடுதி தெரியாது. ஜோதியை விடுதியில் கொண்டுபோய் விட்டவன் ஆரோக்கியமேரியின் தம்பி. அதனால் விடுதியின் பெயர் அவளுக்குத் தெரிந்திருந்தது. என் செபத்துக்குப் பதில் அந்த விடுதிப் பெயராகவே வந்தது.

சாமியார் சென்னையில் தமக்குத் தெரிந்த கன்னியர் மடத்துக்குப் பேசினார். அன்றிரவே சிஸ்டர்கள் போலீசாரை அழைத்துக்கொண்டு விடுதிக்குப் போய்ப் பெண்களை மீட்டார்கள். பெண்களுக்கு எடுத்திருந்தது வேலை விசா இல்லை, சுற்றுலா விசா. அதில் போய் வேலை செய்தால், அடித்தாலும் புகார் சொல்ல முடியாமல் பயந்தே கிடக்க வேண்டியதுதான் என்று ஒரு சிஸ்டர் சொன்னார்.

இன்றும் பிள்ளையை வெளிநாட்டு வேலைக்கு அனுப்பும் யாரைப் பார்த்தாலும் நின்று பேசுகிறேன். விசாவை விவரம் தெரிந்தவரிடம் காட்டுங்கள். எந்த ஊர், யார் வீடு என்று எழுத்தில் கேளுங்கள். பாஸ்போர்ட்டைக் கையைவிட்டுக் கொடுக்காதீர்கள். யாரிடமும் சொல்லாதே என்று ஒருவன் சொன்னால், அன்றே நாலு பேரிடம் சொல்லுங்கள். ஆண்டவரிடம் வாய்விட்டுக் கேளுங்கள். பக்கத்தில் இருப்பவர் காதிலும் அது விழட்டும். ஆண்டவர் உதவியை எந்தக் கையில் கொடுத்தனுப்புவார் என்று நமக்குத் தெரியாது.

அந்தப் பூசைக்கு மறுநாள் மதியம் சிஸ்டர்கள் அனுப்பிய வேன் கோயில் வாசலில் வந்து நின்றது. ஜோதி இறங்கியதும் ஆரோக்கியமேரி அவளைக் கட்டிக்கொண்டு கதறினாள். பிறகு ஸ்டெல்லா இறங்கினாள். ஓடிவந்து என்மேல் விழுவாள் என்று நினைத்தேன். அவளோ வேனுக்குள் கையை நீட்டி, ஒடுங்கி உட்கார்ந்திருந்த இன்னொரு பெண்ணை இறக்கினாள்.

"அப்பா, இவ தேவி. நம்ம உழவர்கரைப் பொண்ணு. இவ பாரிஸுக்குப் போயிட்டான்னு வீட்டுல இன்னும் நெனச்சிட்டிருக்காங்க. தனியாப் போவப் பயப்படுறா. வாப்பா, நாம போய்ச் சொல்லலாம்."