அப்டேட் வரக்கூடாதென்று வேண்டிக்கொண்டேன்

மின்சாரக் கார் வாங்கிய முதல் ஆறு மாதமும் நான் அதிகம் திட்டியது திருநெல்வேலி ஷோரூமில் இருந்த விற்பனைக்காரரைத்தான். வண்டியை ஒப்படைத்த அன்று நடுவிலிருந்த பெரிய திரையைத் தட்டிக்காட்டி, "போனை இதுல சேத்துக்கலாம் அண்ணாச்சி. மேப் வரும். எங்கன சார்ஜ் போடணும்னு அதுவே சொல்லும். அடுத்த மாசம் அப்டேட்ல வந்துரும்" என்றார். அடுத்த மாதமும் அதையேதான் சொன்னார். அதற்கடுத்த மாதமும். அதுவரை அந்தத் திரையில் எனக்குக் கிடைத்தது பாட்டும், கதவைச் சரியாகச் சாத்தவில்லை என்ற புகாரும் மட்டும்தான்.

வாரத்துக்கு இரண்டு தடவை அவருக்குப் போன் செய்வேன். "என்ன தம்பி, அப்டேட் எங்கன வருது? கயத்தாறு தாண்டிட்டா?" என்று கேட்பேன். அவரும் சளைக்காமல், "சர்வர்ல இருந்து கெளம்பிட்டு அண்ணாச்சி" என்பார். திரைக்குப் பின்னால் ஒன்றுமே இல்லை, அட்டையை வைத்து ஒட்டியிருக்கிறார்கள் என்று எனக்குச் சந்தேகம். ஒருநாள் குனிந்து டார்ச் அடித்துக்கூடப் பார்த்தேன்.

ஏழாவது மாதம் அவரே கூப்பிட்டார்.

"அண்ணாச்சி, இந்த மாசம் கண்டிப்பா வந்துரும். வண்டி எங்கன போகுது, எங்கன நிக்குது, எத்தனை நிமிஷம் நின்னுது, எல்லாம் போன்ல தெரியும்."

"என் போன்லயா?"

"ஓனர் போன்ல. ஆர்.சி. புக்குல யார் பேரு இருக்கோ, அவுக நம்பருக்குத்தான் போகும்."

ஆர்.சி. புக்கில் இருந்தது என் மனைவியின் பெயர். எல்லாம் ஜோசியர் செய்த வேலை. வண்டிக்கு முன்பணம் கொடுப்பதற்கு முன்னால் ஜாதகத்தைத் தூக்கிக்கொண்டு போனேன். "ஏழரைச் சனி நடக்கு வே. உம்ம பேர்ல இரும்பு எடுக்காதீரும். வீட்டம்மா பேர்ல எடும்" என்றார். எங்கள் சங்கரன்கோவிலில் பாதி வண்டிகள் இப்படித்தான் ஓடுகின்றன. ஓட்டுபவர் ஒருவர், பேர் வேறொருவருடையது. சனியிடமிருந்து தப்பிக்க ஆசைப்பட்ட நான் நேராக மனைவியிடம் போய் மாட்டிக்கொண்டேன்.

மாட்டிக்கொள்ள என்ன இருந்தது என்று கேட்பீர்கள். எனக்கு எலுமிச்சை வியாபாரம். ஞாயிறு தவிரத் தினமும் காலையில் புளியங்குடி மார்க்கெட்டுக்குப் போய்விட்டுப் பதினோரு மணிவாக்கில் திரும்புவேன். வழியில் ஒரு தகரக் கொட்டகை. போர்டு கிடையாது. அந்த நேரத்துக்குத்தான் அங்கே எண்ணெய்ச் சட்டியிலிருந்து கருப்பட்டி மிட்டாயைச் சூடாக எடுத்துப் போடுவார்கள். எனக்குச் சர்க்கரை நோய் வந்து இரண்டு வருடமாகிறது. அன்றைக்கு மனைவியின் தலைமேல் கைவைத்து, இனிப்பைத் தொடமாட்டேன் என்று சத்தியம் செய்திருக்கிறேன். கருப்பட்டி சீனியில்லையே, சத்தியத்தில் சேராது என்று எனக்கு நானே ஒரு தீர்ப்பும் எழுதிவைத்திருந்தேன். ஆனால் அதை அவளிடம் வாசித்துக்காட்ட இரண்டு வருடமாகத் தைரியம் வரவில்லை.

"தம்பி, பழைய டிரிப்பும் தெரியுமா?" என்று குரலைத் தணித்துக் கேட்டேன்.

"வண்டி எல்லாத்தையும் ஞாபகத்துல வச்சிருக்கும் அண்ணாச்சி. அப்டேட் ஆனதும் மொத்தமா ஏறிரும்னு நெனைக்கேன்" என்று மகிழ்ச்சியாகச் சொன்னார்.

அன்றிலிருந்து எனக்கும் வண்டிக்கும் பேச்சுவார்த்தை நின்றது. உட்கார்ந்தாலே அது என்னைக் கவனிக்கிற மாதிரி இருக்கும். உள்கண்ணாடிக்கு மேலே கறுப்பாக ஒரு புள்ளி. கேமராவோ என்னவோ, அதன்மேல் துண்டைப் போட்டேன். கொட்டகையைத் தாண்டிக் கொஞ்ச தூரம் வந்து வண்டியை நிறுத்திவிட்டுத் திரும்பி நடந்துபோனேன். மூன்றாம் நாள்தான் கவனித்தேன்: நான் நிறுத்திய இடம் சுடுகாட்டு வாசல். தினமும் இருபது நிமிடம் சுடுகாட்டில் என்ன வேலை என்று கேட்டால் மிட்டாயைவிடப் பெரிய பதிலாக வேண்டும். நான்காம் நாள் பழைய இடத்திலேயே நிறுத்தினேன்.

போகாமலே இருந்திருக்கலாமே என்பீர்கள். அந்த யோசனை எனக்குத் தோன்றவில்லை. கோயிலுக்குப் போய், இந்த அப்டேட் வரவே கூடாது என்று அம்பாளிடம் வேண்டிக்கொள்ளத்தான் தோன்றியது.

இன்னொரு பக்கம் அவள்மேலும் சந்தேகம் வந்தது. முன்பெல்லாம் வண்டியைத் திரும்பிக்கூடப் பார்க்காதவள் இப்போது தினமும் காலையில், "அப்டேட் வந்துட்டா?" என்று கேட்டாள்.

"ஒனக்கு எதுக்குளா அது?"

"சும்மாதான் கேட்டேன். கேக்கப்படாதா?"

எங்கள் வீட்டில் யாரும் எதையும் சும்மா கேட்டதில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் வந்தே விட்டது. திரையில் எழுத்து: அப்டேட் தயார், நாற்பது நிமிடம் ஆகும், வண்டியை நகர்த்தக் கூடாது. திறந்திருந்த கதவோரம் அவள் நின்றுகொண்டிருந்தாள்.

"இப்ப வேண்டாம். ராகு காலம்" என்றேன்.

"ஞாயித்துக்கெழமை ராகு காலம் சாயந்தரம்லா" என்றபடி என் தோளைத் தாண்டிக் கைநீட்டிப் பொத்தானை அமுக்கினாள்.

இரண்டு சதவீதம். ஐந்து சதவீதம். நான் இறங்கி வண்டியைச் சுற்றி வந்தேன். இருபது சதவீதத்தில் தண்ணீர் குடித்தேன். "ஏன் இப்படி வேர்க்குது? சர்க்கரை எறங்கிட்டா?" என்று அவள் கேட்டதும் எனக்குள் இருந்த கடைசி ஆணியும் கழன்றது. வண்டி சொல்லி அவள் தெரிந்துகொள்வதைவிட நானே சொல்வது மரியாதை என்று பட்டது. அறுபத்தெட்டு சதவீதத்தில் எல்லாவற்றையும் கொட்டினேன். கொட்டகை, மிட்டாய், துண்டு, சுடுகாடு. கருப்பட்டித் தீர்ப்பையும் வாசித்தேன்.

நூறு ஆனதும் அவள் போன் சிணுங்கியது. திறந்து பார்த்துவிட்டு என் முகத்துக்கு நேரே நீட்டினாள். பயண விவரம் எதுவும் இல்லை, முதல் பயணத்தைத் தொடங்குங்கள் என்று இருந்தது. ஏழு மாதத்தில் ஒரு நாள்கூட அந்த வண்டி எதையும் எழுதிவைக்கவில்லை. அத்தனையையும் ஞாபகம் வைத்திருந்தவன் நான் ஒருவன்தான்.

"அப்ப எதுக்குடா இவ அப்டேட்டைக் கேட்டுக்கிட்டே இருந்தான்னு நெனைக்கிய, அதானே?" என்று கேட்டுவிட்டு உள்ளே போய் ஒரு அட்டையைக் கொண்டுவந்து காட்டினாள். அவள் படம் போட்ட ஓட்டுநர் உரிமம். நான் புளியங்குடிக்குப் போகிற நேரத்தில் டிரைவிங் ஸ்கூலுக்குப் போயிருக்கிறாள். "மதுரைக்கு மக வீட்டுக்கு நானே ஓட்டிட்டுப் போலாம்னு இருந்தேன். ஒங்ககிட்ட வழி கேட்டா வண்டியைத் தருவியளா? போனைக் கையில வச்சுக்கிட்டு ஓட்டப்படாதுன்னு மாஸ்டர் சொல்லிட்டாரு. அதான் மேப்புக்குக் காத்துக்கிட்டு இருந்தேன்."

சாவிக்குக் கை நீட்டினாள். கொடுத்தேன்.

"ஏறுங்க. மதுரை அப்புறம். மொதல்ல அந்தக் கடைக்குப் போவோம்."

"எதுக்குளா?"

"ஏறுங்கன்னா ஏறுங்க."

திரையில் கடையைத் தேடினாள். போர்டே இல்லாத கொட்டகை எந்த மேப்பில் இருக்கும்? தேடித்தேடிப் பார்த்துவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்தாள். ஏழு மாதம் காத்திருந்து வந்த அப்டேட் சும்மா நிற்க, பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து நானே வழி சொல்ல வேண்டியதாயிற்று. "இன்னும் நேராப் போ. சுடுகாடு வரும், மெதுவாப் போ. அதைத் தாண்டி லெஃப்ட்ல."

நன்றாகத்தான் ஓட்டினாள். அதுவேறு எரிச்சலாக இருந்தது.

கொட்டகை முன்னால் நிறுத்தி இறங்கினாள். எண்ணெய்ச் சட்டிக்குப் பின்னாலிருந்து கடைக்காரர், "என்ன அண்ணாச்சி, ஞாயித்துக்கெழமையும் வந்துட்டிய! வழக்கம்போலக் கால் கிலோவா?" என்று கேட்டார்.

கால் கிலோ என்பதை மட்டும் நான் சொல்லாமல் விட்டிருந்தேன்.