ஒரு சாண் குறைந்த ஷெட்

இல்லை, அவள் ஓடிப் போகவில்லை. ஓடிப் போகிறவள் பட்டப்பகலில், தெருவே துணி காயப்போட்டுக்கொண்டிருக்கும் நேரத்தில், மாமியாருக்கு மாத்திரை வேளையைச் சொல்லிவிட்டு முன்வாசல் வழியாகப் போவாளா? வீட்டை விட்டுக் கிளம்ப ஒரு சாக்கு வேண்டும் என்றுதான் அவள் அந்த ஷெட்டையே கட்டினாள் என்று எதிர்வீட்டுக்காரி சொல்லித் திரிகிறாள். நெருப்பில்லாமல் புகையுமா என்று வேறு கேட்கிறாள். புகையாதுதான். ஊதுகுழல் யார் கையில் இருந்தது என்று பார்க்க வேண்டாமா? போகக் கூடாது என்று கட்டிய ஷெட் அது. இதை முதலில் மனதில் வாங்கிக்கொண்டு மற்றதைக் கேட்கட்டும்.

தெருவில் அவளுக்கு வேன்காரி என்றுதான் பெயர். பள்ளிக்கூட வேன் ஓட்டத் தொடங்கிப் பதினாறு வருடம் ஆகிறது. புருஷன் டெய்லர். முன்னறையில் மெஷினுக்கு முன்னால் உட்கார்ந்துவிட்டால், கூரை இடிந்து விழுந்தாலும் ஊசியில் நூலைக் கோத்துவிட்டுத்தான் நிமிர்ந்து பார்ப்பார். இருந்த ஒரே பெண்ணும் கல்யாணமாகி வேறு ஊருக்குப் போய்விட்டாள். கீழ்வீட்டில் இவர்கள் இரண்டு பேரும் மாமியாரும். மாடியில் டெய்லரின் அண்ணன், பைப்புக்கடை வைத்திருப்பவர். வீட்டுக்குப் பின்னால் கொஞ்சம் வெறும் இடம். பக்கத்துச் சந்து வழியாக வண்டி உள்ளே வரலாம். அண்ணன் தம்பி இரண்டு பேருக்கும் பொதுவான இடம், அதனாலேயே யாரும் தொடாத இடம்.

பதினாறு வருடமும் வேன் தெருவில்தான் நின்றது. போன வருடக் கடைசியில் லைசன்ஸ் ஆபீசில் புது விதி வந்தது. பள்ளிக்கூட வண்டி ராத்திரியில் தெருவில் நிற்கக் கூடாது, கூரையும் பூட்டும் உள்ள இடத்தில்தான் நிற்க வேண்டும், இல்லையென்றால் லைசன்ஸ் புதுப்பிக்க மாட்டோம் என்றார்கள். பள்ளிக்கூடத்துக்காரர்கள் ஒரு வழி சொன்னார்கள். பள்ளிக்கூட வளாகத்திலேயே வண்டி நிறுத்த இடம் இருக்கிறது, பக்கத்தில் ஒரு அறையும் அடுப்பும் இருக்கிறது, வண்டியை அங்கே விட்டால் ஓட்டுகிறவளும் அங்கேயே தங்க வேண்டும் என்றார்கள். பள்ளிக்கூடம் ஊரின் மறுகோடியில். இவள் ஒரே வார்த்தையில் மறுத்துவிட்டாள். மாமியாருக்கு மூச்சிரைப்பு. வந்துவிட்டால் யாராவது முதுகைத் தடவிக்கொண்டு பக்கத்தில் இருக்க வேண்டும். டெய்லருக்கோ வெந்நீர் வைக்கக்கூட அடுப்பு எந்தப் பக்கம் திரும்பும் என்று தெரியாது. "வண்டிக்கு இடம் தேடி நான் வீட்டை விட்டுப் போறதா? வீட்லயே வண்டிக்கு இடம் கட்டிக்கிறேன்" என்று சொல்லிவிட்டு வந்தாள். வீட்டை விட்டுப் போகச் சாக்குத் தேடுகிறவள் பேசுகிற பேச்சா இது?

கோடை லீவு தொடங்கியது. நாற்பத்தைந்து நாள். காலில் சக்கரம் கட்டியவளுக்கு லீவு என்பது தண்டனை. விடிந்தால் பின்பக்கம் போவாள், வருவாள், மறுபடியும் போவாள். சுண்ணாம்புக் கட்டியால் தரையில் கோடு போட்டாள். அந்தக் கோட்டுக்குள் வண்டி நிற்பதாக நினைத்துக்கொண்டு, இல்லாத கதவைத் திறந்து இல்லாத சீட்டிலிருந்து இறங்கிப் பார்த்தாள். இறங்க இடம் போதவில்லை என்று கோட்டைக் காலால் அழித்துவிட்டு மறுபடியும் போட்டாள். வீட்டுச் சுவரோடு ஒட்டிக் கட்டினால் ஒரு சுவர் மிச்சம் என்று கொத்தனார் சொன்னார். ஒத்துக்கொள்ளவில்லை. காலையில் வண்டியைக் கிளப்பினால் புகை நேராக மாமியார் படுக்கிற ஜன்னலுக்குள் போகும். ஏழு அடி தள்ளி, தனியாக நிற்க வேண்டும் ஷெட் என்று பிடிவாதமாகச் சொன்னாள். காற்று எந்தப் பக்கமிருந்து வீசுகிறது என்று மூன்று நாள் கொடியில் ஒரு கிழிந்த துணியைக் கட்டிவிட்டுப் பார்த்தவள் அவள். அந்த மாமியாரைத்தான் அவள் அம்போவென்று விட்டுவிட்டுப் போனாளாம்.

பைப்புக்கடைக்காரரிடம் கேட்காமல் ஒரு கல்லை வைக்கவில்லை. மாடிப்படியில் நின்றபடியே கேட்டாள். அவர் பல் தேய்த்துக்கொண்டே, "கட்டு, நல்லதுதானே. சும்மா கிடக்கிற இடம்தானே" என்றார். வாயில் நுரையோடு சொன்ன வார்த்தை. அதை நம்பித்தான் அஸ்திவாரம் தோண்டினாள்.

கொத்தனாருக்கு நாளைக்கு என்று பட்டப்பெயர். எதைக் கேட்டாலும் நாளைக்கு. ஆனால் வந்துவிட்டால் வேலையில் குறை சொல்ல முடியாது. அவர் தூக்குக்குண்டு பிடித்த சுவரில் எறும்புகூட நேராகத்தான் ஏற வேண்டும். அவர் வராத நாளில் இவளுக்கு இருப்புக்கொள்ளாது. செங்கலை இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரத்துக்கு அடுக்குவாள். மறுநாள் திரும்பவும் பழைய ஓரத்துக்கே அடுக்குவாள். டெய்லர் ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டு, அந்தக் கல்லெல்லாம் இந்நேரம் நடக்கக் கற்றுக்கொண்டிருக்கும் என்றார். அவர் ஒரு மாதத்தில் பேசும் ஹாஸ்யம் அவ்வளவுதான்.

வாசலுக்கு மேல் குறுக்கே லிண்டல் போடும் நாள் வந்தது. எவ்வளவு உயரம் வேண்டும் என்று கொத்தனார் கேட்டார். டெய்லரின் இஞ்ச் டேப்பை வாங்கிக்கொண்டு போய்த் தெருவில் நின்ற வேனை அளந்தாள். ஒரு தடவைக்கு மூன்று தடவை அளந்தாள். அதற்கு மேல் நாலு விரல் விட்டுச் சொன்னாள். கொத்தனார் வேனை மேலும் கீழும் பார்த்தார்.

"வண்டி இவ்வளவுதானா?"

"இவ்வளவுதான்."

"நல்லா யோசிச்சுச் சொல்லுங்க. கம்பி கட்டிக் கலவை போட்டுட்டா அப்புறம் என்னால நகர்த்த முடியாது."

"பதினாறு வருஷமா ஓட்டுற வண்டி. அதோட உயரம் எனக்குத் தெரியாதா?"

தெரியும். நன்றாகத் தெரியும். ஆனால் லீவு விட்டதும் வேன் ஓட்டுகிறவர்கள் எல்லோரும் செய்கிற ஒரு காரியம் உண்டு. பிள்ளைகளின் பையை ஏற்றுகிற மேல் கேரியரைக் கழற்றி, விட்டுப்போன இடங்களைப் பற்றவைத்துப் பெயின்ட் அடிக்க வெல்டரிடம் கொடுத்துவிடுவார்கள். இவளும் கொடுத்திருந்தாள். லீவு விட்ட நாளிலிருந்து மொட்டைத் தலையோடு நின்ற வண்டியைத் தினமும் பார்த்துப் பார்த்து, வண்டியே அதுதான் என்று கண் பழகிவிட்டது. கதவுக்கு இடம் விட்டாள், கண்ணாடிக்கு இடம் விட்டாள், காற்றுக்குக்கூட இடம் விட்டாள். தலையை மறந்துவிட்டாள்.

சுவர் காய்ந்தது, மேலே தகரக் கூரை ஏறியது, ஷட்டர் வந்தது. பள்ளிக்கூடம் திறக்கப் பன்னிரண்டு நாள் இருக்கும்போது வெல்டர் கேரியரைக் கொண்டுவந்து மாட்டிக் கொடுத்தார். மாமியாரை நாற்காலி போட்டு உட்காரவைத்து, டெய்லரைக் கூப்பிட்டு நிறுத்தி, வண்டியைச் சந்துக்குள் பின்னால் எடுத்துக்கொண்டு வந்தாள். கிர்ரென்று ஒரு சத்தம். பதினாறு வருடத்தில் ஒரு சைக்கிளைக்கூட உரசாதவள் தன் ஷெட்டிலேயே போய் இடித்துக்கொண்டாள். இறங்கிப் பார்த்தாள். ஒரு சாண் குறைகிறது. புதுப் பெயின்ட் லிண்டலில் நீலமாக ஒட்டியிருந்தது.

அன்று தெரு சிரித்த சிரிப்பு இருக்கிறதே! எதிர்வீட்டுக்காரி, வேனுக்குத் தொப்பி கழற்றிவிட்டு உள்ளே வரச் சொல்லிக் கொடு என்றாள். வேன்காரி வண்டியை மறுபடியும் தெருவுக்கே ஓட்டிப் போய் நிறுத்தினாள். இரண்டு நாள் சாப்பிட உட்கார்ந்தால் பாதியில் எழுந்துபோய் லிண்டலைப் பார்த்துவிட்டு வந்தாள்.

அந்த இரண்டு நாளில்தான் பைப்புக்கடைக்காரர் மாடியிலிருந்து இறங்கி வந்தார். உள்ளே போய்ச் சுவரைத் தட்டிப் பார்த்தார். வண்டி போகாத இடம் சும்மாதானே இருக்கும், கடையில் சரக்கு வைக்க இடமில்லை, ஒரு நாலு நாளைக்குப் பைப்பை இங்கே போட்டுக்கொள்கிறேன் என்றார். பெரியவர் கேட்கிறார், எப்படி மறுப்பது? சாயங்காலமே பைப்புக் கட்டுகள் வந்தன. சரக்கு இருக்கிறதே என்று தன் கடையிலிருந்து பெரிய பூட்டு ஒன்றையும் கொண்டுவந்து ஷட்டரில் போட்டார். இடம் கொடுத்தால் மடம் பிடுங்குவது என்பது இப்படித்தான் தொடங்கும், மரியாதையாக.

மூன்றாம் நாள் அவளுக்கு வழி தோன்றியது. மேலே உயர்த்த முடியாது, சரி, கீழே இறக்கலாமே. தரைக்கு இன்னும் சிமெண்ட் போடவில்லை. அஸ்திவாரம் ஆழமாகப் போயிருக்கிறது, உள்ளே ஒரு சாணுக்குக் கொஞ்சம் மேல் வெட்டினால் சுவருக்கு ஒன்றும் ஆகாது என்று கொத்தனாரும் சொன்னார். யார் வெட்டுவது என்றால் நாளைக்கு ஆள் அனுப்புகிறேன் என்றார். நாளைக்கு எப்போது வரும் என்று தெரியாதா? மாடியில் கேட்டு ஷட்டரைத் திறக்கவைத்து, அவளே மண்வெட்டி எடுத்தாள். பைப்பையெல்லாம் ஒரு சுவரோரமாக நகர்த்தி நகர்த்தி வெட்டினாள். டெய்லர் இரண்டு நாள் மெஷினை மூடிவிட்டு வந்து மண் அள்ளிப் போட்டார், அதையும் சொல்லத்தான் வேண்டும். மழைத்தண்ணீர் உள்ளே இறங்காமல் இருக்க வாசலுக்கு வெளியே குறுக்கே ஒரு சிறு வாய்க்காலும் சரிவும் அமைத்தார்கள். பிறகு தளம் போட்டுக் காயவிட்டு வண்டியை விட்டாள். கேரியரோடு, நோகாமல் உள்ளே போய் நின்றது. லைசன்ஸ் ஆபீசிலிருந்து வந்த ஆள் சுற்றிப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார். அன்றைக்கு ஒரு நாள்தான் அவள் மத்தியானம் படுத்துத் தூங்கினாள்.

ஆனால் பைப்பு போகவில்லை. பூட்டும் போகவில்லை. சாவி மாடியிலேயே இருந்தது. இன்னொரு சாவி கேட்டபோது, தன் சரக்கு இருக்கிற இடத்தின் சாவியை எப்படி வெளியே விடுவது, வேண்டும்போது வந்து கேட்டால் திறந்துவிடப் போகிறேன் என்றார். வெளியாம். கீழ்வீடு அவருக்கு வெளியாகிவிட்டது.

பள்ளிக்கூடம் திறந்தது. ஐந்தரைக்கு வண்டி கிளம்ப வேண்டும், பைப்புக்கடைக்காரர் எழுவது ஏழுக்கு. முதல் நாள் கதவைத் தட்டினாள், தூக்கக் கலக்கத்தில் வந்து திறந்தார். இரண்டாம் நாள் இருபது நிமிடம் படியில் நின்றாள். மூன்றாம் நாள் அவர் சாவியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு முந்தின ராத்திரியே வெளியூர் போயிருந்தார். இருபத்திரண்டு பிள்ளைகள் முதுகில் பையோடு தெருமுனையில் நின்றன. ஷட்டருக்கு இந்தப் பக்கம் இவள், அந்தப் பக்கம் வண்டி. அவர் எட்டேகாலுக்கு வந்து சேர்ந்து திறந்துவிட்டார். பிள்ளைகள் அதற்குள் கிடைத்த வண்டியில் போய்விட்டன. இன்னும் ஒரு தடவை இப்படி நடந்தால் இந்த வழியை வேறு வண்டிக்குக் கொடுத்துவிடுவோம் என்று பள்ளிக்கூடத்தில் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்கள்.

அன்று சாயங்காலம் வண்டியை ஷெட்டில் விடாமல் தெருவிலேயே நிறுத்திவிட்டு உள்ளே வந்தாள். உட்காரவில்லை. முன்னறைக்கும் அடுக்களைக்கும் நடந்துகொண்டே கேட்டாள்.

"உங்க அண்ணன்கிட்ட ஒரு வார்த்தை சொல்லுங்க. ஒரு சாவி, அவ்வளவுதான் கேக்கிறேன்."

டெய்லர் கத்தரிக்கோலை எடுத்தார், வைத்தார். "அண்ணன்கிட்ட நான் எப்படிம்மா பேசுறது? கொஞ்சம் அனுசரிச்சுப் போயேன்."

மாமியார் கட்டிலிலிருந்தே, பெரியவன் ஒன்று செய்தால் காரணம் இருக்கும், நீ ஐந்து நிமிடம் முன்னதாக எழுந்து கேட்டால் என்ன குறைந்துவிடும் என்றார். அடுத்த வீட்டில் யாரோ, பூட்டை உடைத்துவிடு என்றும் யோசனை சொன்னார்களாம். அதற்கு அவள் சொன்னாளாம்: "உடைக்கலாம். நாளைக்கு வேற பூட்டு வரும். நான் வண்டி ஓட்டுறதா, பூட்டு உடைச்சிட்டு இருக்கிறதா?"

வண்டியைத் தெருவில் விட்டால் லைசன்ஸ் போகும். ஷெட்டில் விட்டால் வழி போகும். இரண்டு நாள் அவள் காலையில் எழுந்து, ஓட்டி, திரும்பி வந்து, தெருவில் நின்ற வண்டியை ஜன்னல் வழியாக எட்டி எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள். பெருக்கிய இடத்தையே திரும்பப் பெருக்கினாள். மூன்றாம் நாள் பள்ளிக்கூடத்தில் போய், அந்த அறை இன்னும் காலியாக இருக்கிறதா என்று கேட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை, பதினோரு மணி. இரண்டு பைகளைக் கட்டினாள். மாமியாரின் மாத்திரைகளைக் காலை, மத்தியானம், ராத்திரி என்று மூன்று டப்பாவில் பிரித்துத் தலைமாட்டில் வைத்தாள். மூச்சு இரைத்தால் முதலில் ஜன்னலைத் திறக்க வேண்டும், பிறகு முதுகைத் தடவ வேண்டும் என்று டெய்லருக்குச் சொன்னாள். மாடியிலிருந்து பைப்புக்கடைக்காரர் எட்டிப் பார்த்து, ஒரு பூட்டுக்காக யாராவது வீட்டை விட்டுப் போவார்களா என்று கேட்டார். நிமிர்ந்து பார்த்தாள்.

"அத்தான், பூட்டுக்காகப் போகல. கட்டினவளுக்குத் திறக்க உரிமை இல்லாத இடத்துல நான் என்ன பண்றது?"

மாமியார் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார். அவள் கட்டிலருகே குனிந்து, "அத்தை, தண்ணி பக்கத்துல இருக்கு" என்றாள். 

டெய்லர் கழுத்தில் டேப்போடு அவள் பின்னாலேயே வந்தார். நானும் வருகிறேன் என்று சொல்லவில்லை, போகாதே என்றும் சொல்லவில்லை. அவளும் வாருங்கள் என்று கேட்கவில்லை. அம்மாவை யார் பார்ப்பது என்பது இரண்டு பேருக்கும் தெரியும். வாசல்படியில் செருப்பை மாட்டும்போது மட்டும் சொன்னாள்: "உங்கள விட்டுட்டுப் போறேன்னு யார் சொன்னாலும் நம்பாதீங்க. வேலைக்குப் போறேன்."

இறங்கினாள். எதிர்வீட்டுக்காரி ஈரத்துணியைக் கையில் வைத்துக்கொண்டு உதறாமல் நின்றாள். பைகளை முன்சீட்டில் வைத்துவிட்டு வண்டியைக் கிளப்பினாள். தெரு குறுகல், பின்னால் எடுத்துத்தான் திருப்ப வேண்டும். டெய்லர் தெருமுனை வரை நடந்து போய், இரண்டு பக்கமும் பார்த்துவிட்டுக் கையைக் காட்டினார்.

"வண்டி எதுவும் வரல. போ."

போனாள்.