இராஜம்மாக்கா வாங்குன கிரைண்டர்

எங்க ரப்பர் தோட்டத்து லயத்து வரிசை வீடுங்கள்ல இராஜம்மாக்காகிட்ட வாய் குடுத்து மீண்டவங்க கிடையாது. தோட்டத்துல எல்லாருக்கும் தெரிஞ்ச சேதி அது. கோலசிலாங்கூர் டவுன்ல மின்சாரச் சாமான் கடை வச்சிருந்த தங்கராஜுக்கு மட்டும் தெரியாமப் போச்சு. எம்பத்தாறாம் வருசம் தெரிஞ்சுகிட்டாரு.

அக்காவுக்குப் பால்மரம் வெட்டுற வேலை, ரப்பர் மரத்துப் பட்டைய உளியால சீவிப் பால் எடுக்குறது. என் பக்கத்து வீடுதான். புருசன் போயி ஆறு வருசம், மூணு பிள்ளைங்க படிக்குதுங்க. சம்பளம் பத்தாதுன்னு காலையில வேலைக்குப் பேர் குடுக்க பெரட்டுக்குப் போற ஆம்பளைங்களுக்குத் தோசை சுட்டு வித்துச்சு. விடிஞ்சா மரத்துல உளி, பொழுது சாஞ்சா ஆட்டுக்கல்லு. வலது மணிக்கட்டு வீங்கி, உளியப் பிடிச்சா கை நடுங்க ஆரம்பிச்சிருச்சு. ஆஸ்பத்திரி டாக்டர் கண்டிப்பா சொல்லிட்டாரு, "மாவாட்டுறத நிறுத்தும்மா, இல்லன்னா கை போயிரும்." எங்கள வேலை வாங்குற மண்டோரும் பாத்துக்கிட்டேதான் இருந்தாரு. "மரத்தக் காயப்படுத்துற இராஜம்மா. இப்படியே போனா ஒன்ன களைக்கு மருந்தடிக்கிற கும்பல்ல போட்டுருவேன்." மருந்தடிக்கப் போன பொம்பளைங்க நகம் உதிந்து நிக்கிறதப் பாத்தவங்க நாங்க.

அதான் சீட்டு எடுத்து கிரைண்டர் வாங்குச்சு. கடை வேனே வந்து லயத்து வாசல்ல எறக்கிட்டுப் போச்சு. சரஸ்வதி பூசை நேரம். புது மிசினாச்சே, சும்மா விடுவமா? நான்தான் சந்தனத்தக் குழைச்சு, முன்னாடி ரெண்டு, மோட்டார் பக்கம் ரெண்டுன்னு பொட்டு வச்சேன். குங்குமமும் வச்சேன். சாயங்காலம் ஆறு மணிக்குத் தோட்டத்து எஞ்சின் ஓடி கரண்டு வந்ததும் சுவிச்சப் போட்டோம். மாவு நொரை நொரையா வந்துச்சு. அக்கா மணிக்கட்ட நீவிக்கிட்டே சிரிச்சுச்சு பாருங்க, அப்படி ஒரு சிரிப்ப அதுகிட்ட நான் பாத்ததே இல்ல.

நாலாம் நாள் உர்ருன்னு ஒரு சத்தம். கல்லு சுத்தலை. கருகுன வாடை அடிச்சுச்சு.

அக்கா பஸ்ஸேறிப் போயி சொன்னப்ப தங்கராஜு சிரிச்சிருக்காரு. "தோட்டத்து எஞ்சின் கரண்டுக்கெல்லாம் கேரண்டி இல்லம்மா. டவுன் கரண்டுல போட்டா ஏன் கெடப்போகுது?"

"விக்கிறப்ப நான் தோட்டம்னு தெரியலியா? லயத்து வாசல்ல கொண்டாந்து எறக்குனது ஒங்க ஆளுதானே லா?"

"கேரண்டி அட்டையில இருக்கு, படிச்சுப் பாருங்க."

படிக்கத் தெரியாதவகிட்ட படிச்சுப் பாருங்கறான், எகத்தாளம் பாருங்க! அந்த வாரம் முழுக்க அக்கா மறுபடியும் ஆட்டுக்கல்லுலதான் ஆட்டுச்சு. கையில துணியச் சுத்திக்கிட்டு, பல்லக் கடிச்சுக்கிட்டு. மூணு மரம் காயப்பட்டுச்சு. மருந்தடிக்க அனுப்ப மண்டோர் பேர் எழுதிக்கிட்டாரு.

சனிக்கிழமை தோட்டத்து லோரி டவுனுக்குப் போச்சு. அக்கா கிரைண்டர ஏத்துச்சு. கூடவே ஒரு வாளியில ஊறவச்ச அரிசியும் உளுந்தும். "இது எதுக்குக்கா?"ன்னு கேட்டேன். "வாடி"ன்னுச்சு.

தீபாவளி நெருங்குது, கடையில கூட்டம். எங்க தோட்டத்துப் பள்ளிக்கூடத்து யாழ்ப்பாணத்துக் கமலாதேவி டீச்சர்கூட இஸ்திரிப் பொட்டி வாங்க நின்னாங்க. அக்கா யாரையும் கேக்கலை. கிரைண்டர நடுக்கடையில வச்சு, வயர எடுத்து சொருகுச்சு. உர்ர்ரு.

"ஒங்க டவுன் கரண்டுதான் மொதலாளி. எஞ்சின் எங்க இருக்கு, காட்டுங்க."

தங்கராஜு மொகம் செத்துப்போச்சு. குனிஞ்சு மிசினச் சுத்திப் பாத்தவரு சட்டுன்னு நிமிந்தாரு. "அடடா! மோட்டார்கிட்ட சந்தனத்த அப்பி வச்சிருக்கீங்க. காஞ்சு உதிந்து உள்ள போயிருக்கும். இதுக்கு நான் என்ன பண்ண?"

பாவி, நான்தானே வச்சேன்! என் கையாலயே அக்கா பொழப்பக் கெடுத்துட்டேனேன்னு அழுக முட்டிக்கிட்டு வந்துச்சு.

அக்கா கடைய ஒரு சுத்து பாத்துச்சு. டிவியில பொட்டு. ஐஸ்பொட்டியில பொட்டு. தங்கராஜு கல்குலேட்டர்லகூடப் பொட்டு. எல்லாம் பூசைக்கு அவரே வச்சது. ஷோவுக்கு வச்சிருந்த இன்னொரு கிரைண்டர்லயும் மோட்டார் பக்கம் பட்டையா சந்தனம். நேரா அதுகிட்ட போச்சு, வாளியக் கவுத்துச்சு, சுவிச்சப் போட்டுச்சு. ஜம்முனு சுத்துச்சு!

"யம்மா, யம்மா! அது விக்கிற சாமான்!"

"என்னுதும் நீங்க வித்த சாமான்தான். இதுக்குள்ள சந்தனம் போகலியா? ஆளப் பாத்துத்தான் போகுமா?"

கூட்டம் சிரிச்சுச்சு. மாவு பொங்கி வந்துச்சு. ஈரம் பட்ட மிசின இனி எவன் புதுசுன்னு வாங்குவான்? கெட்டதுக்குப் பதிலா அதையே எடுத்துட்டுப் போகச் சொல்லிட்டாரு தங்கராஜு. ஆனா ஆள் லேசுப்பட்டவரா? எங்கிருந்தோ ஒரு காயிதத்தையும் மைப் பொட்டியையும் கொண்டாந்து நீட்டுனாரு. "ஒண்ணுமில்ல, கம்பெனிக்குக் காட்டத்தான். கைநாட்டு வச்சிருங்க."

அக்கா அத டீச்சர்கிட்ட குடுத்துச்சு. டீச்சர் கண்ணாடியச் சரிபண்ணிக்கிட்டுப் படிச்சாங்க. "நீங்கள் பிழையாப் பாவிச்சபடியால்தான் மிசின் பழுதாப் போச்சுதெண்டு ஒத்துக்கொள்ளுறியளாம். இவர் இரக்கப்பட்டு வேற ஒண்டு தாறாராம்."

எனக்கு எப்படியாவது மிசின் கெடச்சாப் போதும். "கைநாட்டுத்தானேக்கா, வச்சுட்டு வா, லோரி போயிரும்"னேன்.

அக்கா என்னப் பாத்த பார்வை இருக்கே! "ஏன்டி லெட்சுமி, இந்தக் கை போயிரக்கூடாதுன்னுதானே மிசினே வாங்குனேன்? இந்தக் கையாலயே என்மேல பொய்க்கு ரேகை வைக்கவா?"

"அப்ப மிசின் இல்ல"ன்னாரு தங்கராஜு.

"வேணாம். தெனம் அரிசிய ஊறவச்சுக்கிட்டு வாரேன். தீபாவளி வரைக்கும் இங்கயே ஆட்டுறேன். எதுக்கு ஆட்டுறேன்னு வர்றவங்க கேட்டா நானே சொல்றேன்." சொல்லிட்டு, கிரைண்டர் பக்கத்துல சம்மணம் போட்டு ஒக்காந்துருச்சு. டீச்சர் கையில வச்சிருந்த இஸ்திரிப் பொட்டிய மேசையில திருப்பி வச்சாங்க. பின்னாடி நின்ன ரெண்டு பேரு வெளிய நடந்தாங்க.

தங்கராஜு காயிதத்த மடிச்சுப் பாக்கெட்டுல வச்சுக்கிட்டாரு. ஷோ மிசின லோரியில ஏத்துறப்ப அவரும் ஒரு பக்கம் பிடிச்சாரு.

மணிக்கட்டு வீக்கம் வத்தி, மரம் காயப்படுறது நின்னதும் மண்டோர் எழுதுன பேர அடிச்சிட்டாரு. அதுக்கப்புறம் பதினோரு வருசம் அந்தக் கை பால்மரம் வெட்டுச்சு. அந்தக் காயிதத்துல மட்டும் கடைசிவரைக்கும் ரேகை விழலை.