நீலக் குருவியின் முகம்

வத்தல்மலையில் எடுத்தது என்று நண்பன் அந்தப் படத்தைக் காட்டியபோதே எனக்குச் சந்தேகம். காப்பித் தோட்டத்து மரக்கிளையில் சாண் நீளம்கூட இல்லாத ஒரு நீலக் குருவி. நீலகிரி ஈப்பிடிப்பான் என்றான். ஈரமான உயர்ந்த மலைக்காட்டை விட்டு இறங்காத பறவை அது. எங்கள் தருமபுரி மலையில் பார்த்ததாக யாரும் சொன்னதில்லை.

அவன் அதியமான்கோட்டையில் போட்டோ ஸ்டுடியோ வைத்திருக்கிறான். முந்தின மாதம்தான் ஒரு கல்யாண ஜோடியைப் படமெடுக்க ஊட்டிக்குப் போய் வந்திருந்தான்.

"ஊட்டிக் குருவி வத்தல்மலைக்கு எந்த பஸ்ஸுடா புடிச்சுது?"

"உனக்கு வவுத்தெரிச்சல், போடா."

பறவை பார்ப்பவர்களின் வாட்ஸ்அப் குழுவில் அவன் படத்தைப் போட்டாயிற்று. குழுவை நடத்தும் காலேஜ் சார், "உறுதியாச் சொல்லுங்க தம்பி, சாயங்காலம் நம்ம பறவைப் பட்டியல்ல உங்க பேர்ல பதிஞ்சுடறேன்" என்று எழுதியிருந்தார். அவனுக்கு வேண்டியதே அதுதான். ஊருக்கு அவன் வெறும் காதுகுத்துப் போட்டோக்காரன். தன் பேரில் ஒரு பறவையாவது இருக்க வேண்டும் என்று வருஷக்கணக்கில் மலையேறுகிறான். பொய் என்று ஆகிவிட்டால் இனி அவன் காக்கா படம் போட்டாலும் ஒருவரும் நம்பமாட்டார்கள்.

நான் ஸ்டுடியோவிலேயே உட்கார்ந்து பறவைப் புத்தகத்தைப் பிரித்தேன். பத்தாவது பரீட்சைக்குக்கூட அப்படிப் பிரித்ததில்லை. இதே சாயலில் இன்னொரு நீல ஈப்பிடிப்பான் உண்டு. குளிர்காலத்தில் வடக்கேயிருந்து வரும். அதற்குக் கண்ணுக்கும் அலகுக்கும் நடுவே நல்ல கறுப்பு இருக்கும். படம் நிழலில் எடுத்தது, நிறத்தை நம்ப முடியாது. முகத்தைப் பெரிதாக்கினோம். கறுப்பே இல்லை. இன்னும் சொன்னால் அளவுக்கு மீறிப் பளிச்சென்று இருந்தது.

"குருவிக்கு யாருடா ஃபேஷியல் பண்ணது? கேமரா கார்டைக் காட்டு. ஊட்டியா வத்தல்மலையான்னு தெரிஞ்சுபோவும்."

முறைத்துக்கொண்டே கார்டைச் செருகினான். முதல் படத்தில் வத்தல்மலை வளைவில் அவன் பைக். ஆக, ஊட்டி இல்லை. அடுத்தது குருவி. கண்ணுக்கும் அலகுக்கும் நடுவே மை அப்பியதுபோல் கறுப்பு.

அவன் மவுஸிலிருந்து கையை எடுத்துவிட்டான். எங்கள் பக்கத்தில் பெண்ணின் கண்ணோரக் கறுப்பை எடுத்து, முகத்தை வெளுத்துத்தான் கல்யாண ஆல்பம் கொடுக்க வேண்டும். இல்லையென்றால் திருப்பிக் கொண்டுவந்து சண்டை போடுவார்கள். அப்படி ஓர் ஆல்பத்துக்கு நடுவே இந்தக் குருவியையும் திறந்திருக்கிறான். கை தன் வேலையைப் பார்த்துவிட்டது.

"சொல்லாம வுட்டா யாருக்குத் தெரியப்போவுது?" என்று தூண்டிப் பார்த்தேன்.

"உனக்குத் தெரியுமே. தருமபுரி பூரா சொல்ல நீ ஒருத்தன் போதாதா?"

கார்டில் இருந்த படத்தை அப்படியே குழுவில் போட்டு, "மூஞ்சிய நாந்தான் வெளுத்துட்டேன் சார். இது வடக்க இருந்து வர்ற குருவிங்க" என்று எழுதினான். கொஞ்ச நேரத்தில் பதில் வந்தது.

"பொட்டு வைக்காம வுட்டீங்களே, அதுவரைக்கும் சந்தோஷம்" என்று எழுதியிருந்தார் சார். "வடக்குக் குருவின்னே உங்க பேர்ல போட்டுடறேன். இனிமே கை வைக்காத படம் மட்டும் அனுப்புங்க."

அவன் அதை ரெண்டு தரம் படித்தான்.

"படத்த ஓரம் மட்டும் வெட்டிக்கலாமாடா?"

"அவரையே கேளு" என்றேன்.