வாவியில் ஊறப்போட்ட எரிமலைக் கல்

காலை ஆறே கால் மணி, நாவற்குடா. ஆறு மணிக்கு வருவதாகச் சொன்ன வான் அப்போதுதான் வந்தது. சாரதி ரொய்டன் மட்டக்களப்பு நகரத்தில் போர்த்துக்கேய வழிவந்த பறங்கியர் குடும்பத்தவர். பிந்தியதற்கு வருத்தமெல்லாம் சொல்லவில்லை. "யாழ்ப்பாணத்து ஆக்கள் எண்டா வெள்ளாப்பில எழும்பிக் குந்திக் கொண்டிருப்பீங்க எண்டு தெரியும்," என்று கதவைத் திறந்துவிட்டார். எனக்குக் கோபம் வர வேண்டும், ஆனால் அவர் சொன்னது உண்மை.

பின் இருக்கையில் என் சித்தியின் மகள் சங்கவி, இரண்டு பிளாஸ்ரிக் வாளிகளைக் காலுக்கிடையில் வைத்தபடி இருந்தாள். மலைநாட்டில் ஓர் ஆய்வுகூடத்தில் வேலை. எரிமலைக் கரும்பாறையை உருக்கித் தலைமயிரை விட மெல்லிய நூலாக இழுக்கிறார்கள். அந்த நூலைத் துணியாக நெய்து, பிசின் ஊற்றி இறுக்கிப் பலகையாக்குகிறார்கள். இரும்பைப் போலத் துருப்பிடிக்காது, கண்ணாடி நாரை விடச் சூடு தாங்கும் என்கிறாள். நான் லீவில் சும்மா இருந்ததால் வாளி தூக்கவும், பார்த்ததை எழுதவும் கூட்டிவந்திருக்கிறாள். "கல்நார் எண்டு மட்டும் எழுதிப்போடாதேங்கோ அண்ணை, அது அஸ்பெஸ்டஸ்," என்று முதலிலேயே எச்சரித்துவிட்டாள்.

காத்தான்குடியில் தேநீரும் ரொட்டியும், மூவருக்கும் அறுநூறு ரூபாய். அங்கேதான் விஷயத்தை முழுதாகச் சொன்னாள். கடல்நீரும் கலக்கும் இந்த வாவியின் தோணிகளுக்கு அந்தப் பலகை சரிவருமா என்பதே கேள்வி. மாரி தொடங்குமுன் மண்டூரில் ஒரு சட்டமும் பெரியகல்லாற்றில் ஒரு சட்டமும் கட்டித் தண்ணீருக்குள் தொங்கவிட்டிருக்கிறாள். சட்டம் ஒவ்வொன்றிலும் உள்ளங்கை நீளத் துண்டுகள். பாதி கண்ணாடி நார், பாதி எரிமலைக் கல் நூல். அவற்றை எடுத்துப்போய் முறியும்வரை வளைத்துப் பார்ப்பார்கள். உப்பு கூடின இடம், குறைந்த இடம் இரண்டின் முடிவும் சேர்ந்து வந்தால் முழுத் தோணி ஒன்று செய்ய அனுமதி கிடைக்கும். வராவிட்டால் திட்டத்தை மூடிவிடுவார்கள், அவளுடைய வேலையும் அதோடு போகும். இதைச் சொல்லும்போது ரொட்டியைப் பிய்த்துப் பிய்த்து வைத்தாளே தவிர வாயில் போடவில்லை.

எட்டு மணிக்குக் குருமண்வெளித் துறை. வானை நிழலில் விட்டுவிட்டுப் பாதையில் ஏறினோம். இங்கே பாதை என்பது ஆட்களையும் மோட்டார் சைக்கிள்களையும் ஏற்றிக்கொண்டு வாவியைக் கடக்கும் மிதவை. பத்து நிமிடத்தில் மண்டூர்க் கரை. அறுவடை முடிந்த வயல்வட்டைகளில் மாடுகள் மேய்ந்தன. கோயில் பக்கம் போக ஆசைதான், சங்கவி விடவில்லை.

கரையோரக் கம்பில் கட்டிய சட்டத்தைத் தூக்கியபோது நான் முகத்தைச் சுளித்தேன். துண்டு எதுவும் கண்ணில் படவில்லை. எல்லாம் பாசி, சிப்பி, சேறு. ஒரு நண்டும் ஓடியது. சங்கவி மட்டும் புதையல் கிடைத்தவள் மாதிரி சிரித்தாள். "இப்பிடித்தான் இருக்க வேணும் அண்ணை," என்று சேறோடு சேர்த்துப் பக்குவமாக வாளிக்குள் இறக்கினாள்.

பதினொரு மணியளவில் பெரியகல்லாறு. நாவற்குடாவிலிருந்து நேரே வந்தால் முப்பது கிலோமீற்றருக்குள்தான் இருக்கும். சட்டத்துக்குப் பொறுப்பாக இருந்தவர் தெய்வநாயகம், ஐம்பது வயது மதிக்கத்தக்க மீனவர். கரையிலேயே நின்றார். அவர் மனைவி பூரணம் சமையலைத் தொடங்கியிருந்தார். சாப்பிடாமல் போக விடமாட்டார்கள் என்று வாசனையிலேயே தெரிந்தது.

தெய்வநாயகம் தோணியில் போய்ச் சட்டத்தைக் கழற்றிக்கொண்டு வந்தார். துண்டுகள் கடையில் வாங்கியவை போல மினுங்கின. பாசியும் இல்லை, சிப்பியும் இல்லை. என்ன அருமையான பொருள் என்று நான் வியந்தேன். சங்கவி ஒன்றை எடுத்து வெயிலில் திருப்பிப் பார்த்தாள். மூக்குக்கருகே கொண்டுபோனாள். அவள் முகம் செத்துவிட்டது.

"நாயகம் அண்ணன், இதில என்ன பூசின நீங்கள்?"

"சுறா எண்ணெய்தான் புள்ள. கிழமைக்கு ஒருக்கா கழட்டி, தேங்காய்ச் சிரட்டையால சுரண்டி, கிணத்துத் தண்ணியில கழுவி, எண்ணெய் பூசி, காஞ்ச மறுகா கட்டின நான். என்ட தோணிக்குச் செய்யிற மாதிரித்தான். சிப்பி பிடிக்க விட்டா எல்லாம் அரிச்சுப் போடும்."

பூரணம் உள்ளிருந்து சொன்னார்: "மழைக்குள்ளயும் விடமாட்டாரு. வெளியூர் ஆக்கள்ற சாமான் பழுதாகிடும் எண்டு நிண்டாரு."

யாரும் சட்டத்தை எடுத்துப் போகாமல் பார்த்துக்கொள்ளும்படி சங்கவி சொல்லியிருக்கிறாள். தொட வேண்டாம் என்று சொல்லவில்லை. கட்டிவிட்ட துண்டை எதற்குத் தொடப் போகிறார்கள் என்று ஆய்வுகூடத்தில் யாருக்கும் தோன்றவில்லை. தண்ணீரில் கிடக்கும் ஒன்றைக் கழுவாமல் விடுவார்கள் என்று பெரியகல்லாற்றிலும் யாருக்கும் தோன்றாது.

சோறும் மீன் குழம்பும் வந்தன. அவள் நன்றாகவே சாப்பிட்டாள், பூரணம் இரண்டாம் முறை போட்டதையும் மறுக்கவில்லை. கை கழுவப் போன இடத்தில் நான் மெல்லக் கேட்டேன், இதை அப்படியே கொண்டுபோய் வளைத்துப் பார்த்தால் என்ன, யாருக்குத் தெரியப் போகிறது என்று.

"வளைச்சால் முடிவு அருமையா வரும் அண்ணை. அந்த முடிவை நம்பி ஒரு தோணி செய்வினம். ஆர் அதில ஏறுறது?"

நான் அவள் கையில் தண்ணீர் ஊற்றினேன்.

திரும்பி வந்து தெய்வநாயகத்துக்கு முன்னால் உட்கார்ந்து, எல்லாவற்றையும் சொன்னாள்.

"அப்ப, பழுதாகுதா எண்டு பாக்கவா கட்டின நீங்க?"

"ஓம் அண்ணன்."

"எனக்கு ஆரும் சொல்லல்லயே."

"நான்தான் சொல்லியிருக்க வேணும்."

"மறுகாலும் ஒருக்கா கட்டுங்க. நான் தொடமாட்டன்."

"இன்னொருக்கா வர விடுவினமோ தெரியாது," என்றாள். அப்போதுதான் அவள் குரல் உடைந்தது. பூரணம் தண்ணீர்ச் செம்பைக் கொண்டுவந்து பக்கத்தில் வைத்துவிட்டுப் போனார்.

வெயில் சாயத் தொடங்கியதும் புறப்பட்டோம். வாளிகளை ஏற்றிக் கதவைச் சாத்தப் போனபோது தெய்வநாயகம் வந்து சங்கவியின் பக்கம் நின்றார்.

"புள்ள, உங்கட பெரியாக்களுக்கு எழுதக்குள்ள என்ட பேரைப் போடுங்க. தெய்வநாயகம்தான் கழுவின எண்டு எழுதுங்க. சந்தேகமெண்டா இஞ்ச வரச் சொல்லுங்க. புள்ளயில பிழையில்ல எண்டு நான் சொல்லுறன்."

சங்கவி தலையை மட்டும் ஆட்டினாள். ரொய்டன் கூட வானைக் கிளப்பச் சற்று நேரமெடுத்தார்.

வான் களுவாஞ்சிகுடியைத் தாண்டியது. எங்கள் பக்கத்து அலுவலகங்களில் ஒரு பிழை நடந்தால் அதை யார் தலையில் கட்டலாம் என்று தேடவே பாதி நாள் போய்விடும். அதை நினைத்துக்கொண்டு வந்தேன்.

ஆரையம்பதிக்குக் கிட்ட சங்கவி போனில் ஏதோ எழுதி என்னிடம் நீட்டினாள், எழுத்துப் பிழை பார்க்க. மேலதிகாரிக்கு அனுப்பும் செய்தி. மண்டூர்த் துண்டுகள் நன்றாக இருக்கின்றன; பெரியகல்லாற்றுத் துண்டுகளைக் கணக்கில் எடுக்க முடியாது; அவை வாராவாரம் சுரண்டிக் கழுவி எண்ணெய் பூசப்பட்டவை; தொட வேண்டாம் என்று நான் சொல்லவில்லை, பிழை என்னுடையது.

பிழை ஒன்றும் இல்லை என்று போனைத் திருப்பிக் கொடுத்தேன். தெய்வநாயகம் என்ற பெயரை அவள் எங்கேயும் எழுதியிருக்கவில்லை.