தம்பி பெயரில் என் நெஞ்சு

என் தம்பிக்கு அரசாங்க ஆபீசில் கணக்கெழுதும் கிராணி வேலை ஏறக்குறையக் கிடைத்துவிட்டது. பரீட்சையில் தேறியிருந்தான், மிச்சம் இருந்தது வைத்தியச் சோதனை மட்டும்தான். அங்கே வெள்ளைக்கார டாக்டர் அவன் முதுகில் குழாயை வைத்துக் கேட்டுவிட்டு, நெஞ்சை எக்ஸ்ரே படம் எடுக்கச் சொல்லிச் சீட்டு எழுதிக் கொடுத்தார். மழை தொடங்கியதிலிருந்தே அவனுக்கு இருமல். படத்தில் காசநோய் தெரிந்தால் வேலை போனது போனதுதான். அந்த வேலையை நம்பி யாழ்ப்பாணத்தில் பேசி வைத்திருந்த கல்யாணமும் போய்விடும்.

அப்போது பினாங்கில் எக்ஸ்ரேயைப் பற்றி எங்கள் ஆட்கள் ஆளுக்கொரு கதை சொன்னார்கள். அந்த வெளிச்சம் பட்டால் தோல் உரியும் என்றார் ஒருவர். நோயில்லாதவனுக்கும் நோய் வரும் என்றார் இன்னொருவர். இவற்றையெல்லாம் கேட்டுவிட்டுத் தம்பி இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. எனக்கு எரிச்சலாக வந்தது. நானோ நிரந்தர உத்தியோகத்தில் இருப்பவன், மாலைதோறும் டென்னிஸ் ஆடுகிறவன், தடுமன் என்று ஒருநாள்கூட லீவு போடாதவன். என் உடம்பைப் பற்றி எனக்குத் தலைகால் தெரியாத கர்வம். அவனுக்குப் பதிலாக நான் போய் நிற்கிறேன் என்று நான்தான் சொன்னேன்.

“பிடிபட்டால் என்ன செய்யிறது, அண்ணை?”

“அவங்களுக்கு எங்கட முகம் எல்லாம் ஒண்டுதான். சீட்டைத்தான் பார்ப்பாங்கள்” என்றேன்.

நான் சொன்னபடியே நடந்தது. ஆஸ்பத்திரியில் ஒருவரும் என் முகத்தைப் பார்க்கவில்லை. எக்ஸ்ரே அறையில் இருந்த தமிழ் டிரஸ்ஸர் சீட்டிலிருந்த தம்பியின் பெயரைப் படித்துவிட்டு, சட்டையையும் கழுத்துச் சங்கிலியையும் கழற்றச் சொன்னார். ஜன்னல்களைக் கறுப்புத் துணியால் மூடியிருந்தார்கள். ஜில்லென்ற பலகையில் நெஞ்சை ஒட்டி நிற்க வைத்து, மூச்சை இழுத்துப் பிடிக்கச் சொன்னார். இயந்திரம் ஒரு தடவை உறுமி ஓய்ந்தது. சூடும் இல்லை, வலியும் இல்லை. இவ்வளவுதானா என்று கேட்டேன்.

“அவ்வளவுதான் லா, அண்ணே. படத்தக் கழுவிக் காய வைக்கணும். டாக்டர் பாத்துச் சொல்லுவாரு.”

இதற்குப் போய் இரண்டு நாள் பட்டினி கிடந்தாயே என்று அன்று முழுக்கத் தம்பியைக் கேலி செய்தேன்.

அடுத்த வாரம் முடிவு கேட்க அவன் மட்டும் போனான். திரும்பி வந்தவன் உட்காரவில்லை, தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. வேலை என்னவாயிற்று என்றேன்.

“வலப்பக்க நெஞ்சில, மேல, கசம் பிடிச்சிருக்காம். வேலை கிடக்கட்டும், அண்ணை. நாளைக்கே நீங்கள் ஒரு டாக்டரிட்டைப் போகவேணும்.”

அவன் யாருடைய நெஞ்சைச் சொல்கிறான் என்பது எனக்குப் புரியக் கொஞ்ச நேரம் பிடித்தது. படத்தை மாற்றி வைத்துவிட்டார்கள் என்று கத்தினேன். மாற்றி வைத்தவனே நான்தான் என்பது அந்த நேரத்தில் உறைக்கவில்லை.

மறுநாள் ஒரு சீன டாக்டர் சளியைச் சோதிக்க எடுத்துக்கொண்டார். சில நாளில் காசநோய்தான் என்று உறுதிப்படுத்தினார். அந்த வெள்ளைக்கார டாக்டரிடம் போய் உண்மையைச் சொல்லி, தம்பியைத் திரும்பப் படம் எடுக்கச் சொல்ல வேண்டியவன் நான். சொல்லத்தான் போகிறேன் என்று சட்டையையும் மாட்டினேன். தம்பி வாசலில் நின்றான்.

“சொன்னால் ரெண்டு பேருக்கும் வேலை இல்லை. பிறகு மருந்துக்கு என்ன செய்வியள்?”

நான் சட்டையைக் கழற்றிவிட்டேன். அவன் தடுத்தது எனக்கு நிம்மதியாக இருந்தது. இத்தனை வருஷமாக அதை நான் ஒருவரிடமும் சொன்னதில்லை.

கல்யாணப் பேச்சு முறிந்தது. தம்பி அக்கரையில் தாசேக் கெலுகோர் பக்கத்தில் ஒரு ரப்பர் தோட்டத்துக்குக் கிராணியாகப் போனான். அங்கே யாரும் படம் கேட்கவில்லை. நான் வயிற்றுக் கோளாறு என்று எழுதி நீண்ட லீவு எடுத்துப் படுத்துக்கிடந்தேன். ஞாயிறுதோறும் அவன் கடல் தாண்டி, தோட்டத்து முட்டைகளை வைக்கோலில் சுற்றிக் கொண்டுவந்து கொடுப்பான். அந்த முட்டையைத் தின்றுதான் நான் தேறினேன்.

எழுந்து நடமாடத் தொடங்கியதும், அவன் வேண்டாம் வேண்டாம் என்றும் கேட்காமல், எக்ஸ்ரே இயந்திரம் வைத்திருந்த ஒரு தனியார் டாக்டரிடம் அவனை இழுத்துக்கொண்டு போனேன். இந்த முறை அவனே போய் நின்றான். டாக்டர் படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, இந்த நெஞ்சில் நோய் வந்ததற்கான அடையாளமே இல்லை என்றார். அந்த இருமல் வெறும் மழைக்காலத்து இருமல். தோட்டத்துக்குப் போவதற்கு முன்பே நின்றுபோயிருந்தது. தம்பி நல்லது என்று மட்டும் சொன்னான். படத்தை உறையில் போட்டு என் கையில் கொடுத்துவிட்டு, பெரி படகு கிளம்பிவிடும் என்று அவசரமாகப் போய்விட்டான்.

ஆஸ்பத்திரிக் கோப்பில் அவன் பெயரில் இருப்பது என் நெஞ்சு. அவனுடைய படம் என் அலமாரியில் இருக்கிறது. சில நாள் அதை எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பேன். வலப்பக்கம், இடப்பக்கம், மேலே, கீழே, எங்கும் ஒரு புள்ளிகூடக் கிடையாது. அன்றைக்கு அவனையே போக விட்டிருந்தால் போதும்.